போடிமெட்டு ஏறுவதற்கு முன் லாரியைக் காட்டிய பட்டறை

எங்களிடம் இருப்பவை இரண்டே லாரிகள். இரண்டும் பெரும்பாலும் மதுரை–தூத்துக்குடி நான்கு வழிச் சாலையிலும், அதை விட்டால் திருச்சிப் பக்கமும் ஓடுபவை. சென்ற மாதம் போடிமெட்டு மலையைத் தாண்டிக் கேரளத்தில் இருக்கும் பூப்பாறைக்கு அரிசி மூட்டை ஏற்றிச் செல்லும் வாடகை ஒன்று வந்தபோது, மகிழ்ச்சியைவிடக் கவலையே எனக்கு அதிகமாக இருந்தது. எங்கள் ஓட்டுநர் தம்பிக்கு வயது இருபத்தாறு. சமவெளியில் நான்கு ஆண்டுகளாக ஒரு கீறல்கூட இல்லாமல் ஓட்டியவர், ஆனால் பாரத்தோடு ஒரு கொண்டை ஊசி வளைவைக்கூடத் திருப்பியதில்லை. போடிநாயக்கனூரை அடுத்த முந்தலில் இருந்து போடிமெட்டு வரை அப்படி 17 வளைவுகள் உள்ளன. ஆகவே பாரம் ஏற்றுவதற்கு மூன்று நாள் முன்பே, தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி இருக்கும் ஒரு பட்டறையில் வண்டியை விட்டோம். மலைக்குப் போகும் வண்டிகளை அங்கே நன்றாகப் பார்க்கிறார்கள் என்று உசிலம்பட்டி ஓட்டுநர்கள் இருவர் சொல்லியிருந்தார்கள்.

அங்கிருக்கும் மூத்த மெக்கானிக் முன்பு லாரி ஓட்டியவர். வண்டியைத் தொடுவதற்கு முன்பே, ஓட்டுநரும் இரண்டு நாளும் கூட இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வண்டியை விட்டுவிட்டு மாலையில் வந்து எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்குப் பழகிய எனக்கு அது முதலில் சிரமமாகத் தோன்றியது. முதல் நாள் மதியத்துக்குள் அதன் காரணம் விளங்கிவிட்டது.

பிரேக்கை இயக்கும் காற்று சேரும் ஏர் டேங்க் நிரம்பியதும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றழுத்தத்தைப் பிரேக்காக மாற்றும் பிரேக் சேம்பரில் இருந்து வெளியே வரும் கம்பியான புஷ் ராடிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பிறகு எங்கள் தம்பியைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மூன்று சக்கரங்களில் கோடு ஏறக்குறைய ஒரே அளவு நகர, பின்பக்க இடது சக்கரத்தில் மட்டும் அது கண்ணுக்குத் தெரியும்படி கூடுதலாக வெளியே வந்தது. பிறகு மெக்கானிக் கேபினில் ஏறி மிதித்துக்காட்ட, தம்பி அடியில் படுத்து அதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். புஷ் ராடையும் பிரேக்கையும் இணைத்து இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் பங்கையும் மற்ற மூன்றும் சேர்த்துச் சுமக்கின்றன. நான்கு வழிச் சாலையில் எப்போதாவது ஒருமுறை மிதிக்கும்போது அது தெரிவதில்லை. இறக்கத்திலோ அந்த மூன்று சக்கரங்களின் பிரேக் டிரம்களும் சூடேறி விரிகின்றன, டிரம்மின் உட்புறத்தில் உரசி நிறுத்தும் லைனிங்கின் பிடிப்பு குறைகிறது, காற்று முழுதாக இருந்தும் வண்டி நிற்க மறுக்கிறது. இதை வெறும் வாயால் சொல்லியிருந்தால் தம்பி தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். கோடு நகர்ந்ததைப் பார்த்த பிறகு, ஸ்பேனரைத் தானே வாங்கிச் சரிசெய்யக் கற்றுக்கொண்டார்.

எக்ஸாஸ்ட் பிரேக்கைச் சோதித்தபோதுதான் நான் உண்மையிலேயே பயந்தேன். சுவிட்சைப் போட்டும் எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லை. புகைக்குழாயில் இருக்கும் வால்வு கரி படிந்து இறுகிப்போயிருந்தது. அந்த வால்வு மூடிக்கொண்டால்தான் வெளியேறும் புகை தடைபட்டு, எஞ்சினே சக்கரங்களை இழுத்துப் பிடிக்கும். எவ்வளவு காலமாக அது வேலை செய்யவில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை, ஏனென்றால் தூத்துக்குடி சாலையில் அதற்குத் தேவையே வந்ததில்லை. கழற்றிச் சுத்தம் செய்து, மூன்று முறை இயக்கிக் காட்டிய பிறகே அடுத்த வேலைக்குப் போனார்கள்.

ரேடியேட்டர், கிளட்ச், டயர், வைப்பர் எல்லாவற்றையும் பார்த்தார்கள். அவற்றில் குறை எதுவும் இல்லை.

இரண்டாம் நாள் மாலை பட்டறைத் தரையில் அதே சாக்பீஸால் ஒரு கொண்டை ஊசி வளைவை வரைந்து, முன்பக்கம் எங்கே வெளியே வீசும், பின்சக்கரம் எங்கே உள்ளே வெட்டும் என்பதைக் காட்டினார். ஏறி வரும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்பதையும் சொன்னார். "தம்பி, எந்தக் கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்கு. நியூட்ரல் பக்கம் கையே போகக் கூடாது. டிரம் சூடாயிருச்சுன்னா ஓரமா நிறுத்தி ஆறவிடு, தண்ணியை மட்டும் ஊத்திராத, வெடிச்சுப் போகும்" என்று அவர் சொன்னதைத் தம்பி அப்படியே மனத்தில் வாங்கிக்கொண்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இதற்குத் தனியாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

குறைகளும் உண்டு. பின்பக்க லைனிங் இரண்டையும் மாற்றியாக வேண்டும் என்றார்கள், அது சரிதான். ஆனால் அதன் விலையை மாற்றி முடித்த பிறகுதான் சொன்னார்கள். என்னென்ன பார்த்தோம், என்னென்ன மாற்றினோம் என்று எழுதிக் கொடுக்கும் பழக்கம் அங்கே இல்லை. நான் கேட்ட பிறகு ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுத்தார்கள். இவ்வளவு கவனமாக வேலை செய்பவர்கள் இதை அவசியம் மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அடுத்த முறை வண்டியைப் பார்க்கிறவருக்கு அந்தப் பட்டியல்தான் ஆதாரம். மேட்டில் அடிக்கடி பனிமூட்டம் இறங்கும் என்பது தெரிந்தும் மஞ்சள் விளக்கைப் பற்றி அவர்கள் பேசவில்லை; அதை நாங்களே தேனியில் வாங்கிப் பொருத்தினோம். பரிசோதனைக்கும் வேலைக்கும் கூலியாக 1,800 ரூபாய் கொடுத்தோம், லைனிங் விலை தனி. செய்த வேலைக்கு இந்தக் கூலி குறைவு என்றே சொல்வேன்.

பூப்பாறையில் இறக்கிவிட்டுத் தேயிலை மூட்டைகளோடு திரும்பிய தம்பி, 17 வளைவுகளையும் இறங்கி முடித்து முந்தலில் வண்டியை நிறுத்தியதும் என்னை அழைத்தார். "அண்ணே, டிரம் பக்கத்துல கையைக் கொண்டுபோனேன், நாலும் ஒரே மாதிரி சூடுதான். இடது பக்கமும் வேலை செய்யுது" என்றார். எங்கள் இரண்டாவது லாரியை வரும் வாரம் அதே பட்டறைக்கு அனுப்புகிறோம். போக நினைப்பவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். அந்த மூத்த மெக்கானிக் மாலை ஐந்து மணிக்கு மேல் இருப்பதில்லை.