ஆறு வருடமாகக் கூடவே இருக்கும் பிரஷர் மெஷின்

மேற்கையில் பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்தினால் தானே காற்றேறி எண் காட்டுமே, அந்த மாதிரி சாதாரண டிஜிட்டல் பிரஷர் மெஷின்தான் இது. ப்ளூடூத், செயலி என்று எதுவும் கிடையாது. எனக்கு 44 வயதில் ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்த வாரத்தில் வாங்கினேன். ஆறு வருடம் முடிந்துவிட்டது. காலையும் மாலையும் எடுத்ததை நோட்டில் எழுதி வருகிறேன், இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. எந்த பிராண்டு நல்லது என்பதற்குள் நான் போகவில்லை. இந்த ஆறு வருடத்தில் இது எனக்கு என்ன காட்டிக்கொடுத்தது, எங்கே தவறவிட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் மாதம் பயத்திலேயே போனது. ஒரு மாலை உட்கார்ந்து வரிசையாக ஒன்பது முறை எடுத்தேன். 152, 146, 139, 144, 158 என்று ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண். மெஷினில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போனேன். அவர் தன் கருவியில் ஒரு தடவை, என்னுடையதில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றி எடுத்தார். சராசரியில் 3 புள்ளிதான் வித்தியாசம். "மெஷின் சரியாத்தாங்க இருக்கு. பிரஷர்ங்கறதே ஒரு இடத்துல நிக்காது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்புறம்தான் நான் உடம்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால், கிட்டத்தட்ட 5 லிட்டர். அது போய்ச் சேர வேண்டிய சின்னஞ்சிறு தமனிகளின் சுவரில் தசை இருக்கிறது, அது சுருங்கும், தளரும். இதயம் எவ்வளவு தள்ளுகிறது, குழாய்கள் எவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன, இந்த இரண்டும் சேர்ந்துதான் நாம் பார்க்கும் எண். இதில் குழாயின் அகலத்துக்கு இருக்கும் செல்வாக்கு என்னை அசர வைத்தது. விட்டம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. தலைமுடி அளவுகூட இல்லாத குழாய்கள் கொஞ்சமே கொஞ்சம் சுருங்கினாலும் மேற்கையில் எண் ஏறிவிடுகிறது. குளிரிலும் கோபத்திலும் அவசரத்திலும் அவை சுருங்கத்தான் செய்யும். ஒன்பது தடவையில் ஒன்பது எண் வந்தது அதனால்தான். பயத்தில் நானே ஏற்றிக்கொண்டதும் அதில் உண்டு.

இந்தக் கருவி எப்படி அளக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் முறை, 1905-இல் கொரோட்காஃப் என்ற ரஷ்ய மருத்துவர் கண்டுபிடித்தது. பட்டையின் காற்றை இறக்கும்போது தமனியில் சத்தம் கேட்கத் தொடங்கும் இடம் மேல் எண், அடங்கும் இடம் கீழ் எண். நம் வீட்டு மெஷின் சத்தம் எதையும் கேட்பதில்லை. தமனி துடிக்கும்போது பட்டைக்குள் இருக்கும் காற்று லேசாக அதிர்கிறது, அந்த அதிர்வைப் பிடிக்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடத்தைச் சராசரி அழுத்தமாக எடுத்துக்கொண்டு, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதனால் எடுக்கும்போது கையை அசைத்தாலோ, பேசினாலோ கணக்கு கெட்டுவிடும். நாடித்துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பவர்களுக்கும் ஒரே ஒரு அளவீட்டை நம்ப முடியாது.

இரண்டு வருடம் நான் செய்துவந்த தவறைச் சொல்லியாக வேண்டும். என் மேற்கைச் சுற்றளவு 36 செ.மீ. மெஷினோடு வந்த பட்டை 22 முதல் 32 செ.மீ. வரைக்கும்தான். பட்டையிலேயே அச்சடித்திருக்கிறது, நான் படிக்கவே இல்லை. பட்டை சின்னதாக இருந்தால் எண் கூடுதலாகத்தான் காட்டும். பெரிய பட்டை வாங்கிய காலையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். சின்னதில் 148, பெரியதில் 137. வாங்கப் போகிறவர்கள் முதலில் தையல்காரர் டேப்பை எடுத்து மேற்கையின் நடுவில் அளந்துவிடுங்கள். மெஷினின் மற்ற வசதிகளை அப்புறம் பார்க்கலாம். கையை வைக்கும் உயரமும் இதே மாதிரிதான். மடியில் வைத்து எடுக்கும் பழக்கம் எனக்கு. பட்டை இதயத்தைவிட 10 செ.மீ. கீழே இருந்தால் சுமார் 8 புள்ளி கூடிவிடும். இப்போது மேசை மேல் ஒரு தலையணை வைத்து, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படிய ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகுதான் பட்டனை அழுத்துகிறேன். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை.

அப்புறம் அம்மா. அவருக்கு 76 வயது. நான் வாங்கிய இரண்டாம் வருடத்திலிருந்து இந்த மெஷினை அவரும் பயன்படுத்துகிறார். அவருடைய எண்கள் வேறு விதம், 162/68, 158/66 என்று வரும். "கீழ இருக்கறது கம்மியாத்தானேடா இருக்கு, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இளவயதில் பெருந்தமனி ரப்பர் மாதிரி. இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது விரிந்து கொஞ்சத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், இதயம் தளரும் நேரத்தில் திரும்பச் சுருங்கி அதை முன்னே அனுப்பும். வயதாக ஆக அந்தச் சுவர் விறைத்துப்போகிறது. விரிந்து கொடுக்காததால் மேல் எண் ஏறுகிறது, சேமித்துவைத்து அனுப்ப முடியாததால் கீழ் எண் இறங்குகிறது. அந்த இடைவெளியே குழாய்க்கு வயதாகிவிட்டதைக் காட்டுகிறது. கீழ் எண் குறைவாக இருப்பதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அவருக்கு ஏற்கெனவே இருந்த மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்தார்கள். நோட்டில் எண்கள் அழகாக இறங்கின. நான்காவது வாரம் அவருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் விடிகாலை கட்டிலை விட்டு எழுந்தவர் சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்தார். நான் பக்கத்தில் இருந்ததால் தாங்கிக்கொண்டேன். உட்கார வைத்து எடுத்தால் 124/70. எண் சரியாக இருக்கிறதே என்று எனக்குக் குழப்பம். டாக்டரை போனில் பிடித்தேன். "நிக்க வெச்சு எடுத்தீங்களா?" என்றார். இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு நிற்க வைத்து, ஒரு நிமிடம் கழித்து எடுத்தோம். 94/58.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால் பக்கமும் வயிற்றுப் பக்கமும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனி பிரியும் இடத்திலும் பெருந்தமனி வளைவிலும், சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் குறைந்த அடுத்த துடிப்பிலேயே அவை மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்ப, இதயம் வேகமெடுக்கிறது, குழாய்கள் இறுகுகின்றன. சில நொடிகளில் எல்லாம் சரியாகிவிடும். நமக்குத் தெரிவதுகூட இல்லை. வயதானவர்களுக்கு இந்தப் பதில் மந்தமாகிறது. அதோடு மாத்திரையாலும் வயிற்றுப்போக்காலும் உடம்பில் நீரே குறைந்துபோயிருந்தால் இறுக்கிப் பிடிக்க ரத்தம் எங்கே இருக்கிறது? நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். டாக்டர் அந்த மாத்திரையை வயிறு சரியாகும் வரை நிறுத்தச் சொல்லி, பிறகு அளவைக் குறைத்துக் கொடுத்தார். இந்த ஒரு காலைக்காகவே நான் இந்த மெஷினுக்கு நன்றி சொல்வேன்.

உப்பு விஷயத்தில் மட்டும் இந்தக் கருவி நம் பொறுமையைச் சோதிக்கும். நரம்பு நொடியில் வேலை செய்கிறது, சிறுநீரகத்துக்கு அந்த அவசரம் கிடையாது. ரெனின் என்ற பொருளைச் சுரந்து குழாய்களை இறுகவைப்பது, உப்பையும் நீரையும் பிடித்துவைப்பது அல்லது வெளியேற்றுவது, இதெல்லாம் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நடக்கும் வேலை. நான் உப்பைக் குறைத்த மறுநாளே எண்ணில் தேடினேன், ஒன்றும் தெரியவில்லை. நான்காம் வாரச் சராசரியில்தான் 5 புள்ளி இறங்கியிருந்தது. கழுத்தில் இருக்கும் அந்த உணரிகளும் நீண்ட நாள் விவகாரத்தில் கைகொடுப்பதில்லை. அழுத்தம் நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தால் அதையே இயல்பு என்று பழகிவிடுகின்றன. எனக்கு ஒரு தலைவலிகூட இல்லாமல் 160 ஓடிக்கொண்டிருந்தது எப்படி என்று அப்போதுதான் புரிந்தது. உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே என்பதை வைத்து யாரும் மெஷினைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மற்றபடி கருவி உழைக்கிறது. நான்கு பேட்டரி எங்கள் இரண்டு பேர் உபயோகத்துக்கு ஐந்தாறு மாதம் வரும். பேட்டரி தீரும் நேரத்தில் காற்று பாதியில் நின்று பிழைக்குறி காட்டும், பயப்பட வேண்டாம். நினைவகத்தில் இரண்டு ஆட்களுக்குத் தனித்தனி இடம் இருந்தாலும் ஆளை மாற்ற மறந்துவிடுகிறோம், அதனால் நோட்டுதான் நம்பகம். நான்காம் வருடம் பட்டையின் ஒட்டும் பகுதி பிடிமானம் இழந்து, காற்றேறும்போது படபடவென்று பிரிந்தது. புதுப் பட்டை மாற்றினேன். வருடத்துக்கு ஒருமுறை டாக்டரின் கருவியோடு ஒப்பிடுவதை விடவில்லை. போன முறை 4 புள்ளி வித்தியாசம்.

டாக்டரிடம் போகும்போது ஏழு நாள் காலை, மாலை எண்களை எடுத்துப் போகிறேன். முதல் நாளை விட்டுவிட்டு மீதியைச் சராசரி போடுகிறார். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது எனக்கு அவர் வைத்திருக்கும் கோடு. என்னுடையது இப்போது 128/80-இல் இருக்கிறது. அம்மாவுக்கு 140-ஐ ஒட்டி. இன்று காலை அவருக்கு எடுத்துவிட்டுப் பட்டையைக் கழற்றப் போனேன். கையை இழுத்துக்கொண்டார். "இருடா, நிக்கறேன். நின்னதையும் எழுது" என்று மேசையைப் பிடித்தபடி எழுந்தார். 131/70.