டெம்போரல் மடல் அறுவையா, வேகஸ் நரம்புக் கருவியா?

பொருத்தமான 2 மருந்துகளைச் சரியான அளவில் எடுத்தும் வலிப்பு நிற்கவில்லையா? மூன்றாவதால் நிற்கும் வாய்ப்பு குறைவு. காரைக்குடியிலேயே மாத்திரையை மாற்றி மாற்றி வருடங்களைக் கழிக்காமல், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் போன்ற வலிப்பு மையத்தில் வீடியோ இஇஜி (வலிப்பைப் படம்பிடித்தபடியே மூளையின் மின்னலைகளைப் பதிவது), 3 டெஸ்லா எம்ஆர்ஐ (திறன் கூடிய மூளை ஸ்கேன்) எடுத்துப் பாருங்கள்.

வலிப்பு கிளம்பும் இடமாக இரண்டும் ஒரே பக்க டெம்போரல் மடலை (காதையொட்டிய மூளைப் பகுதி) காட்டினால், அதில் வலிப்பைக் கிளப்பும் பகுதியை அகற்றுவதே முதல் தேர்வு. கனடாவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாதவர்கள் அறுவைப் பிரிவில் 58 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 8 சதவீதம். இதற்கு விலையும் உண்டு: இடப்பக்க அறுவையில் சொல் நினைவு குறையலாம், பார்வையின் மேல்மூலை மறையலாம். வலிப்பைக் கிளப்பும் திசு கொஞ்சம் மிஞ்சினாலும் வலிப்பு திரும்பும்.

வலிப்பு மூளையின் பல இடங்களில் கிளம்பினாலோ, பேச்சுப் பகுதியில் இருந்தாலோ, வேகஸ் நரம்புக்கு மின்துடிப்பு அனுப்பும் கருவி ஒரு வழி. இடது காறையெலும்புக்குக் கீழே பதித்து, கம்பியைக் கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பில் சுற்றுவார்கள். மூளையைத் திறப்பதில்லை. ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலிப்பு பாதியாகக் குறையும். முழுதாக நிற்பது அரிது. துடிப்பு ஓடும்போது குரல் கம்மும். பேட்டரி தீர்ந்தால் மீண்டும் சிறு அறுவை.

வலிப்பு தொடங்கும்போது காந்தத்தைக் கருவிமேல் ஒருமுறை வீசி எடுத்தால் கூடுதல் துடிப்பு கிடைக்கும். (கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் இதுவும் ஒன்றல்ல; சாவியால் எந்த வலிப்பும் நிற்பதில்லை.)

எதைச் செய்தாலும் மாத்திரையை உடனே நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும்வரை ஊருணியில் தனியாக இறங்கவும் வேண்டாம்.