நிலப்படச் சீட்டுக்கட்டு: வாங்குமுன் இஸ்பேடு 7-ஐப் பாருங்கள்

பேராக், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் 38 வெள்ளிக்கு விற்கும் இந்தக் கட்டில் 52 சீட்டிலும் 52 பழைய நிலப்படங்கள். யோசனை புதிதல்ல. இங்கிலாந்து, வேல்ஸின் 52 மாவட்டங்களை 1590-இலேயே சீட்டில் அச்சிட்டுவிட்டார்கள்.

ரம்மிக்குச் சுமார்தான். 13 சீட்டை விரித்துப் பிடித்தால் மூலை எண் மட்டுமே தெரியும். அந்த எண்ணும் படத்தின் பழுப்பு நிறத்திலேயே இருப்பதால் ஆறும் ஒன்பதும் குழப்பும். தாள் அட்டை என்பதால் நம் ஊர் ஈரத்தில் ஓரம் உப்பும். ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வெயிலில் காயவைக்கவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் காய்ந்து இன்னும் வளையும்.

படங்கள் அருமை, விளக்கம்தான் மோசம். இஸ்பேடு ஏழு மலாயா. அதன் அடியில் ‘19-ஆம் நூற்றாண்டு’ என்று போட்டிருக்கிறார்கள். படத்திலோ போர்ட் சுவெட்டன்ஹாம் இருக்கிறது. அந்தத் துறைமுகம் திறந்தது 1901-இல். கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கும் சயாமின் மஞ்சளில் இருக்கின்றன. அவை பிரிட்டிஷார் கைக்கு மாறியது 1909-இல். ஆக, படம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது.

அதைவிடப் பெரிய விஷயம், பிரிட்டிஷ் பகுதிகளுக்குப் பூசிய ரோஸ் நிறம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் 1867 முதல் லண்டனின் நேரடிக் காலனி. பேராக் அப்படியல்ல, 1874 பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகும் சட்டப்படி சுல்தானின் நாடு, ரெசிடெண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி பெயருக்கு ஆலோசகர். படத்தில் இரண்டுக்கும் ஒரே ரோஸ். ஒப்பந்தத்தில் எழுதத் துணியாததை வண்ணம் பூசியே சொல்லிவிட்டார்கள். நம் ஊருக்குக் கிழக்கே தெமியார் பழங்குடி மக்கள் வாழும் மலையோ வெறும் வெள்ளைத்தாள். ஆளில்லாத நிலம் என்று காட்டினால் பிரித்துக் கொடுக்கச் சுலபம்.

இஸ்பேடு ராஜா இந்தியா. 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி லாம்டன் அளந்த ஏழரை மைல் அடிக்கோட்டில் தொடங்கிய பெரிய நில அளவை இது. கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள கருவியை 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறறுந்து அது சுவரில் மோதி உடைந்தது. சீட்டில் அதிகாரி பெயர் உண்டு. கயிறும் சங்கிலியும் இழுத்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டு வரி சேர்க்க இடம் இருக்கிறது, சேர்த்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் வாங்கலாம். பிள்ளைகளுக்கு எல்லைக்கோடு எப்படிப் பிறக்கிறது என்று காட்ட இதைவிடக் கைக்கடக்கமான பொருள் கிடைக்காது. கடையிலேயே பிரித்து இஸ்பேடு 7-ஐ வெளிச்சத்தில் பாருங்கள். சில கட்டுகளில் அச்சு விலகி, பேராக்கின் ரோஸ் ஒரு மில்லிமீட்டர் வடக்கே ஏறிக் கெடாவுக்குள் புகுந்திருக்கிறது. இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அப்படி இருந்தால் வேறு கட்டு கேளுங்கள்.