ஏற்காட்டிலிருந்து கல்லூரிக்கு: பிளானருடன் இரண்டு வருடம்

வீடு ஏற்காட்டில், கல்லூரி சேலத்தில். தினமும் மலையிறங்கி ஏறும் எனக்குப் பிளானர், அதாவது வேலைகளை நாள், நேரம் பார்த்துத் திட்டமிட்டு எழுதும் நோட்டு, பயன்பட்டதா என்று கேட்டால், பயன்பட்டது, ஆனால் எல்லா வகையும் அல்ல.

முதலில் வாங்கியது நாளுக்கு ஒரு பக்கம், காலை ஆறு முதல் இரவு பத்து வரை மணி அச்சிட்டது. ஜனவரியில் தொடங்கும். நமக்கோ கல்வியாண்டு ஜூன் வாக்கில்தான் பிறக்கிறது. பாதி நோட்டு வெறுமனே கிடந்தது. அடுத்து வாங்கியது ஏ5 அளவில், தேதி அச்சிடாத வாரப் பிளானர். ஒரு வாரம் விட்டுப்போனாலும் பக்கம் வீணாகாது. இதையே பரிந்துரைப்பேன்.

பஸ்ஸில் போகும் நேரத்தில் படிக்கலாம் என்று வீடியோவில் யோசனை சொல்பவர்கள் எங்கள் மலைக்கு வந்ததில்லை போலும். 20 கொண்டை ஊசி வளைவு. புத்தகத்தைத் திறந்தால் நாலாவது வளைவில் தலை சுற்றும். அதனால் அந்த நேரத்தைப் பென்சிலால் அடித்துவிடுவேன். மிச்சமிருப்பது எவ்வளவு என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். இரவு ஏழிலிருந்து ஒன்பதரை, அவ்வளவுதான்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது வேறொரு பழக்கம். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் நினைத்த நேரம், ஆன நேரம் இரண்டையும் எழுதுவது. "டைட்ரேஷன் ரெக்கார்ட் – 1 மணி / 2.30" என்று ஒரு வரி இருக்கிறது, வேதியியல் செய்முறையை எழுதிவைக்கும் நோட்டு அது. அட்டவணை, கணக்கு, கையெழுத்து எல்லாம் சேர்ந்தால் இரண்டரை மணிதான். இதே கதை வாராவாரம் தெரிந்த பிறகு ரெக்கார்டை ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்துவைப்பதில்லை. செய்முறை முடிந்த அன்றே பாதி எழுதிவிடுவேன்.

மாதப் பக்கமும் எங்களுக்கு அவசியம். நவம்பரில் செமஸ்டர் தேர்வு வரும், காபிப் பழமும் பறிப்புக்கு வரும். "உன் பரீட்சைக்காகப் பழம் காத்துட்டு இருக்குமா கண்ணு?" என்பார் அம்மா. எனவே பறிப்பு நாட்களை முதலில் எழுதிவிட்டு, படிப்பை அதற்கு முந்தைய நாட்களுக்கு நகர்த்துகிறேன். மே மாதக் கோடை விழா சமயமும் அப்படித்தான். மலைப்பாதையில் வண்டிகள் வரிசைகட்டும், சாயங்காலம் வீடு சேர நேரமாகும்.

குறைகள் என்றால், முதலில் தாள். ஐப்பசி மழையிலும் பனியிலும் பக்கங்கள் நமத்துப்போய் ஜெல் பேனா மை பரவுகிறது, பால்பாயிண்ட்தான் தாங்குகிறது. ஸ்பைரல் கம்பி பையில் நசுங்கிவிடும். எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தேன், இன்று முகம் சிரிப்பா அழுகையா என்று கேட்கும் கட்டங்கள் சுத்த இடவிரயம். அப்புறம், பிளானர் மணி அடிக்காது. இன்டர்னல் டெஸ்ட் தேதியைப் போனிலும் போட்டு வையுங்கள்.

இருநூறு, முந்நூறு ரூபாய் எதற்கு என்பவர்கள் ஒரு லாங் சைஸ் நோட்டில் ஸ்கேலால் ஏழு கட்டம் போட்டுக்கொள்ளலாம். அடுத்த செமஸ்டருக்கு நானும் அதைத்தான் செய்யப்போகிறேன், ஆன நேரத்துக்கு மட்டும் ஒரு பத்தி கூடுதலாக.