மணிக்கட்டில் மூன்று ஆண்டுகள்: பினாங்கு வெக்கையில் ஓர் இதயத்துடிப்புக் கடிகாரம்

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் 1,350 ரிங்கிட் கொடுத்து, ஜிபிஎஸ் வசதியும் மணிக்கட்டிலேயே இதயத்துடிப்பை அளக்கும் வசதியும் கொண்ட ஓட்டக் கடிகாரம் ஒன்றை வாங்கினேன். அப்போது எனக்கு வயது 45. டிங்கிக் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களும் கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த வாரங்களும் நீங்கலாக, அன்று முதல் ஏறத்தாழ எல்லா ஓட்டத்திலும் அது என் இடக்கையில் இருந்திருக்கிறது. கணக்கில் ஐயாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஏறியிருக்கிறது. நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். இங்கே சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை, மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சித் துடிப்பை அளக்கும் எல்லாக் கடிகாரங்களுக்கும் பொதுவானவை.

முதல் இரண்டு மாதங்கள் அதை முழுமையாக நம்பினேன். குர்னி கடற்கரைச் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், எங்கள் குழுவில் மூத்தவரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடன் மெதுவாகப் பேசிக்கொண்டே ஓடியபோது, கடிகாரம் என் துடிப்பு 172 என்று காட்டியது. நான் பதறி நின்றுவிட்டேன். "இந்தத் துடிப்பில் உங்களால் என்னிடம் இவ்வளவு நேரம் கதை பேச முடியுமா, தம்பி?" என்று கேட்டவர், என் கழுத்தில் இரு விரல்களை வைத்து, தம் பழைய முள் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நொடி எண்ணினார். 35 துடிப்புகள், அதாவது நிமிடத்துக்கு 140. வீட்டுக்கு வந்து பதிவைப் பார்த்தபோதுதான், என் காலடிகளின் எண்ணிக்கையும் நிமிடத்துக்கு 172 என்பதைக் கவனித்தேன். கடிகாரம் இதயத்தை விட்டுவிட்டுக் கால்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

இதற்குக் காரணம் அது அளக்கும் முறையிலேயே இருக்கிறது. கடிகாரத்தின் அடிப்பக்கத்திலுள்ள பச்சை விளக்குகள் தோலுக்குள் ஒளியைச் செலுத்துகின்றன. ஒவ்வொரு துடிப்பின்போதும் இரத்தம் பெருகிவரும் கணத்தில் ஒளி கூடுதலாக உறிஞ்சப்பட்டுத் திரும்பிவருவது குறைகிறது, அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கருவி துடிப்பாக எண்ணுகிறது. பட்டை தளர்ந்திருந்தால், ஒவ்வொரு அடிக்கும் கடிகாரம் குலுங்கி அதே போன்ற ஏற்ற இறக்கத்தை உண்டாக்க, கருவி அதைப் பற்றிக்கொள்கிறது. தோலின் கருமைக்குக் காரணமான மெலனினும் பச்சை ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்வதால், நம்மில் பலருக்குக் கடிகாரம் தோலோடு நன்றாகப் பதிந்திருக்க வேண்டியது இன்னும் முக்கியமாகிறது. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல்கடை மேலே ஏற்றி, ஓடும்போது மட்டும் வழக்கத்தைவிட ஒரு துளை இறுக்கிக் கட்டத் தொடங்கிய பிறகு, சீரான ஓட்டங்களில் இந்தப் பிழை எனக்கு அரிதாகவே நேர்கிறது.

ஆனால் விட்டுவிட்டு வேகமாக ஓடும் பயிற்சியில் எப்படிக் கட்டினாலும் மணிக்கட்டு பின்தங்கியே நிற்கிறது. 400 மீட்டரை வேகமாக ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதுதான் எண் மெல்ல மேலே ஏறும். ஆகவே மறு ஆண்டே மார்புப் பட்டை ஒன்றை வாங்கிக் கடிகாரத்துடன் இணைத்தேன். இதயத்தின் மின்னோட்டத்தை நேரடியாக உணரும் இந்த வகைக் கருவியைப் பின்லாந்தின் போலார் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே, பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சியை மனத்தில் வைத்து, கம்பியில்லா வடிவில் கொண்டுவந்தது. பட்டை ஈரமாக இருந்தால்தான் மின்முனைகள் சரியாக வேலை செய்யும் என்பதால், வறண்ட குளிர்நாட்டில் அதை நனைத்துக் கட்டிக்கொள்கிறார்கள். இங்கோ, வீட்டு வாசலைத் தாண்டி ஐந்து நிமிடத்தில் வியர்வையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அதே வியர்வையின் உப்புதான் என் முதல் பட்டையைப் பதினான்கு மாதங்களில் கெடுத்தது. இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கிறேன்.

துடிப்பு சரியாக அளக்கப்பட்டால் மட்டும் போதாது, அதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதும் சரியாக இருக்க வேண்டும். வாங்கிய நாளில் கடிகாரம் 220இலிருந்து என் வயதைக் கழித்து, உச்சத் துடிப்பு 175 என்று தானே வைத்துக்கொண்டது. அதில் 60 முதல் 70 விழுக்காடு, அதாவது 105 முதல் 122 வரை, எனக்கு இலகுவான ஓட்டம் என்றது. பினாங்கின் ஈரக் காற்றில் அந்த எல்லைக்குள் நான் நடக்கத்தான் முடியும். தாவரவியல் பூங்காவின் வாயிலுக்கு அருகே தொடங்கிக் கொடிமலை உச்சிக்குச் செல்லும் ஜீப் பாதையின் செங்குத்தான பகுதியில், மார்புப் பட்டையுடன் மூன்று முறை முழுமூச்சாக ஏறிப் பார்த்தபோது உச்சம் 186 என்று தெரிந்தது. வயதை வைத்துப் போடும் கணக்கு பலருடைய சராசரியே தவிர, தனி ஒருவரின் அளவன்று. உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பாகிய 54ஐக் கழித்து, எஞ்சிய 132இல் 60 முதல் 70 விழுக்காட்டை மீண்டும் 54உடன் கூட்டினால், என் இலகு ஓட்டம் 133க்கும் 146க்கும் இடையே வருகிறது. இந்த எண்களைக் கையால் பதிந்த நாளிலிருந்துதான் கடிகாரம் எனக்கு உண்மையில் பயன்படத் தொடங்கியது. கடிகாரம் வாங்கும் எவரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது. இதய நோய் இருப்பவர்களும், நெடுநாள் ஓடாமல் இருந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உச்சத் துடிப்பைச் சோதிக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வெக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிகாரத்துக்கு நான் கொடுத்த பணம் முழுவதும் இந்த ஒன்றுக்காகவே தகும் என்று கருதுகிறேன். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் ஐம்பது நொடி என்ற மாறாத வேகத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஓடத் தொடங்கினால், முதல் அரைமணியில் 140 ஆக இருக்கும் துடிப்பு, ஒன்றரை மணி நேரத்தில் 156ஐத் தொட்டுவிடும். கால்கள் அதே வேலையைத்தான் செய்கின்றன. வியர்வையாக நீர் வெளியேறுவதால் இரத்தத்தின் அளவு குறைகிறது. உடலைக் குளிர்விக்க ஒரு பங்கு இரத்தம் தோலுக்குப் போகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறைவதால், அது அடிக்கடி துடித்து ஈடுகட்டுகிறது. முன்பெல்லாம் வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஓடிய களைப்பைப் புதன்கிழமை வரை சுமந்தேன். இப்போது துடிப்பு 146ஐத் தாண்டினால் கடிகாரம் அதிர்கிறது, நான் வேகத்தை விட்டுக்கொடுக்கிறேன். தொடக்கத்தில் அது பெரும் அவமானமாக இருந்தது, ஏனெனில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் என்னைக் கடந்து போனார்கள். எட்டு மாதங்கள் பொறுத்த பிறகு, அதே 140 துடிப்பில் ஏழு நிமிடம் இருபத்தைந்து நொடியாக இருந்த என் கிலோமீட்டர், ஆறு நிமிடம் நாற்பது நொடிக்கு இறங்கியது. பழைய பதிவுகள் கையில் இல்லாதிருந்தால் இந்த முன்னேற்றத்தை நான் உணர்ந்திருக்கவே மாட்டேன்.

மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளையும் நிற்காமல் ஏறிவிட்டு, மேலே நின்று ஒரு நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதை ஒரு சோதனையாக வைத்திருக்கிறேன். முதல் மாதம் 22 இறங்கியது, இப்போது 34 வரை இறங்குகிறது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஏறினால் மணிக்கட்டு மடங்கி அளவு தடுமாறும் என்பதால், கைகளை வீசியே ஏறுகிறேன். அந்த ஒரு நிமிடம் கழிந்ததும் கடிகாரத்தை நிறுத்திவிட்டு முருகனைக் கும்பிடப் போய்விடுவேன்.

தூர அளவைப் பொறுத்தவரை பெரிய குறை இல்லை. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தின் மேல் வானம் திறந்து கிடப்பதால், பாலத்து மாரத்தானில் கடிகாரம் வரைந்த பாதை சாலையைவிட்டு விலகவே இல்லை. ஆயினும் முடிவுக் கோட்டில் 42.195க்குப் பதில் 42.6 கிலோமீட்டர் காட்டியது. பலர் இதைக் கடிகாரத்தின் பிழை என்கிறார்கள். போட்டிப் பாதையை, வளைவுகளின் உட்புறம் ஒட்டிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள், தூரம் குறைந்துவிடாதிருக்கக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். கூட்டத்தில் விலகி விலகி ஓடும் நாம் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை. உயரமான அடுக்குமாடிகளுக்கு இடையிலும் ஜீப் பாதையின் அடர்ந்த மரநிழலிலும்தான் பாதை கோணலாகிறது, அங்கெல்லாம் அந்தந்த நேரத்து வேகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். உயரத்தைக் காற்றழுத்தத்தால் அளக்கும் சிறு துளையில் வியர்வை தேங்கினால் ஏறியே இராத மேட்டையும் ஏறியதாகக் காட்டும், நல்ல தண்ணீரில் கழுவினால் சரியாகிவிடும்.

நான் நம்பாதது அதன் மதிப்பீடுகளை. மாரத்தானை நான்கு மணி ஐந்து நிமிடத்தில் முடிப்பேன் என்று கடிகாரம் சொன்னது. நள்ளிரவு கடந்து தொடங்கிய போட்டியில், இரவின் புழுக்கத்தோடு போராடி, நான்கு மணி நாற்பத்தொரு நிமிடத்தில் முடித்தேன். குறுகிய ஓட்டங்களிலிருந்து அது போடும் கணக்கு, நான் முப்பது கிலோமீட்டருக்கு மேல் எத்தனை முறை ஓடிப் பழகியிருக்கிறேன் என்பதை உரிய அளவு எடைபோடவில்லை. உறக்கத்துக்கு அது தரும் மதிப்பெண்ணையும் நான் பார்ப்பதில்லை.

ஓய்வுத் துடிப்பு வேறு. சென்ற ஆண்டு ஒரு காலை, வழக்கமாக 53 இருக்கும் எண் 64 ஆக இருந்தது. உடலில் எந்த வலியும் இல்லாததால் பொருட்படுத்தாமல் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் இரவு காய்ச்சல் கண்டது, இரத்தப் பரிசோதனையில் டிங்கி என்று உறுதியானது. கடிகாரம் நோயைக் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்கவும் முடியாது. உடல் ஏதோ ஒன்றோடு போராடுகிறது என்பதை மட்டும் அது சொன்னது, நான் கேட்கவில்லை. குணமான பிறகும் ஓய்வுத் துடிப்பு பழைய நிலைக்குத் திரும்ப ஐந்து வாரங்கள் ஆயின. மருத்துவர் ஓடலாம் என்ற பின்பும் அந்த எண் 55க்குக் கீழே வரும்வரை நடையோடு நிறுத்திக்கொண்டேன்.

தேய்மானங்களில் மின்னேற்றும் முனைகள்தான் பெருந்தொல்லை. உப்பு படிந்து பச்சை பூத்து, இரண்டாம் ஆண்டில் மின்னேறுவதே நின்றது. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் ஒன்பது வாரம் காக்கவைத்து, கடைசியில் கம்பியை மட்டும் மாற்றித் தந்தார்கள். அந்த ஒன்பது வாரங்களும் கழுத்தில் விரல் வைத்து எண்ணியே ஓடினேன், ஆசிரியர் கற்றுக்கொடுத்த முறை கைகொடுத்தது. சிலிக்கோன் பட்டையின் கீழ் தோல் சிவந்து அரித்ததால் நைலான் பட்டைக்கு மாறினேன். புதிதில் ஜிபிஎஸ் ஓட்டத்தில் இருபது மணி நேரம் தாங்கிய மின்கலம் இப்போது பதின்மூன்று மணி நேரம் தாங்குகிறது. என் மாரத்தானுக்கு ஐந்து மணி நேரம் போதும் என்பதால், புதிய கடிகாரத்துக்கு வைத்திருந்த பணத்தில் இந்த ஆண்டு இன்னொரு மார்புப் பட்டையும் ஒரு ஜோடி காலணியும் வாங்கியிருக்கிறேன்.