24 பெயர், 9 நிறம்: நகப்பூச்சு செட் வாங்க இருப்பவர்கள் கவனம்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இருந்து பேஸ்புக்கில் நகப்பூச்சு செட் ஓடர் பண்ண நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் வாசியுங்கள். கலியாண மாதங்கள் வருகின்றன, அந்த விளம்பரமும் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. விற்றவரின் பெயரை எழுதிப் பயனில்லை. நாங்கள் வாங்கியபோது அந்தப் பக்கத்துக்கு இருந்த பெயர் இப்போது இல்லை. அதே படங்கள், அதே வாசகங்கள், பெயர் மட்டும் வேறு. ஆகவே சாமானை வைத்துத்தான் இவர்களைப் பிடிக்க வேண்டும்.

விளம்பரம் சொன்னது இதுதான்: வெளிநாட்டுப் பிராண்டின் ஒரிஜினல் செட், 24 நிறம், 4,800 ரூபாய், கூரியருக்கு 400, சாமான் கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் சரி. தங்கச்சியின் கலியாணத்துக்கு அரக்கு நிறத்தில் கூறை எடுத்திருந்தோம். அரக்குக்கு நகப்பூச்சு பொருத்துவது லேசான வேலை இல்லை. கொஞ்சம் நீலம் கலந்த சிவப்பு என்றால் சாறிக்குப் பக்கத்தில் ரோஸாகத் தெரியும், கொஞ்சம் மஞ்சள் கலந்தால் செங்கல் நிறமாகிவிடும். நாங்கள் போன கடைகளில் போத்தலைத் திறந்து பூசிப் பார்க்க விடவில்லை. வீட்டில் வைத்து எல்லாச் சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம் என்பதற்காகவே செட்டாக எடுத்தோம். சிவப்பு வகையில் மட்டும் எட்டுப் பெயர் போட்டிருந்தார்கள்.

நிறம் பார்க்க நாங்கள் நகத்தில் பூசுவதில்லை. நிறத்தை மாற்றி மாற்றி அழித்தால் ரிமூவரில் நகம் காய்ந்து வெள்ளை பூத்துவிடும். ஃபைலுக்குப் போடும் தெளிந்த பிளாஸ்டிக் உறையை நக அகலத்துக்குச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு தரம் பூசி, பின்பக்கம் பெயரை எழுதிக் காய விட வேண்டும். போத்தலில் தெரியும் நிறத்தை நம்பக் கூடாது. அங்கே பூச்சு தடிப்பாக நிற்பதால் எல்லாமே கடும் நிறமாகத் தெரியும், நகத்தில் பூசும்போது மெல்லிய படலம்தான். இரண்டாம் பூச்சுக்குப் பிறகுதான் உண்மையான நிறம் வரும். காய்ந்த துண்டைக் கை நகத்துக்கு மேலே வைத்துப் பார்த்தால் தோலுக்குப் பொருந்துகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். இதையெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. நகப்பூச்சு காயும்போது ஆவியாகிப் போவது எதைல் அசிடேற், பியூற்றைல் அசிடேற் போன்ற கரைப்பான்கள், அவற்றின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

எட்டுச் சிவப்பையும் இப்படிப் பூசிக் காய வைத்தோம். காலையில் வாசல் வெளிச்சத்தில் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். பெயர் தெரியாதபடி கவிழ்த்து அடுக்கி மாமியிடம் கொடுத்தேன். எந்தக் கம்பனிப் போத்தலையும் கியூடெக்ஸ் என்றே சொல்லும் மாமி, பார்த்த உடனே கேட்டா: "என்ன மகள், இந்த நாலும் ஒரே கியூடெக்ஸ்தானே? ஏன் நாலு துண்டில பூசி வெச்சிருக்காய்?" அந்த நான்கின் பெயர்களும் விளம்பரத்தில் நான்கு வெவ்வேறு சிவப்புகளாகக் காட்டப்பட்டவை. பிறகு 24 போத்தலையும் பூசிப் பார்த்தோம். மொத்தமாக ஒன்பது நிறம். மிச்சமெல்லாம் அதே நிறத்துக்கு வேறு பெயர்.

விற்றவருக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "சிஸ்டர், அது உங்கட லைட்டால அப்பிடித் தெரியுது, கேமராவில சிவப்பு எல்லாம் ஒரே மாதிரித்தான் வரும்" என்று பதில் வந்தது. இந்தப் பதில் உங்களுக்கும் வரும், ஆகவே இதற்குப் பதில் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கேமராவில் கடும் சிவப்புகள் ஒன்றுபோல் விழுவது உண்மைதான். இரண்டு வேறு நிறங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவதும் உண்மைதான். ரியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் மெரூனும் வைனும் வெயிலில் பிரிந்துவிடும். ஆனால் வெயில், ரியூப் லைட், மஞ்சள் பல்ப் என்று எந்த வெளிச்சத்தில் மாற்றி வைத்தாலும் கண்ணுக்குப் பிரியவே இல்லை என்றால், வெளிச்சத்தில் குற்றம் சொல்ல முடியாது. நாலு போத்தலிலும் ஊற்றியது ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் போத்தல்களை உன்னிப்பாகப் பார்த்தோம். அடியில் ஒட்டியிருந்த பெயர் ஸ்டிக்கரை உரித்தால் கீழே இன்னொரு ஸ்டிக்கர், அதில் வேறு எண். அந்த நான்கு சிவப்பிலும் உள்ளே ஒரே எண். உற்பத்தித் திகதி இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, இறக்குமதி செய்தவர் யார் என்று இல்லை, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை. 'டென் ஃப்ரீ', அதாவது கெடுதலான பத்துப் பொருள் இதில் இல்லை, என்று மட்டும் பெரிதாக அடித்திருந்தது. அந்த எண்ணிக்கைக்குப் பொதுவான வரையறை எதுவும் கிடையாது. 'த்ரீ ஃப்ரீ' என்றால் வழக்கமாக டொலுயீன், ஃபோமல்டிஹைட், டைபியூற்றைல் தாலேற் மூன்றும் இல்லை என்று அர்த்தம். ஐந்து, பத்து என்று கூட்டிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு கம்பனியும் வேறு வேறு பொருளைக் கணக்கில் எடுக்கிறது. சேர்மானப் பட்டியலே இல்லாத போத்தலில் அந்த எண்ணை நம்ப ஒரு காரணமும் இல்லை.

பூச்சும் சரியில்லை. குலுக்கினால் நல்ல போத்தலில் உள்ளே சின்னக் குண்டு உருளும் சத்தம் பெரும்பாலும் கேட்கும், இதில் பலதில் கேட்கவில்லை. மேலே எண்ணெய் மாதிரி ஒரு தட்டு, கீழே வண்ணம் தனியாக இறங்கிக் கிடந்தது. சில போத்தல்கள் சீனிப்பாகு போல நூல் இழுத்தன. வெள்ளைக் கடதாசியில் கறுப்புப் பேனையால் ஒரு கோடு போட்டு அதன் மேல் பூசினால், கிறீம் வகை என்று விற்கும் பூச்சு இரண்டு தரத்தில் கோட்டை மறைக்க வேண்டும். இதில் மூன்று தரம் பூசியும் கோடு தெரிந்தது. கண்ணாடி மாதிரித் தெரியும் ஜெலி வகைக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அது கோட்டைக் காட்டத்தான் செய்யும்.

இதுவரைக்கும் காசுப் பிரச்சினை. இனி எழுதப் போவதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. கலியாணத்துக்கு முந்திய போட்டோ எடுக்க என்று தங்கச்சி அடிப்பூச்சு போட்டு, அதற்கு மேல் அந்தச் செட்டில் இருந்த மெரூனைப் பூசியிருந்தா. கொஞ்ச நாளில் கண் இமை இரண்டும் சிவந்து தடித்து, கழுத்திலும் அரிப்பு. சாப்பாட்டில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். தோல் வைத்தியர் முதலில் பார்த்தது கை நகத்தை. நகப்பூச்சு ஒவ்வாமை விரலில் வராமல், விரல் அடிக்கடி தொடும் இமையிலும் முகத்திலும் கழுத்திலும் வருவது வழக்கமாம். பூச்சில் சேரும் ஒரு வகை பிசின்தான் இதற்குப் பெரும்பாலும் காரணமாம். நல்ல பிராண்டிலும் சிலருக்கு இது வரும், அதை மறைக்கவில்லை. ஆனால் நல்ல பிராண்டில் சேர்மானம் எழுதியிருக்கும். "போத்தலைக் கொண்டு வாங்கோ, என்ன போட்டிருக்கு எண்டு பாப்பம்" என்று வைத்தியர் கேட்டபோது எங்களிடம் காட்ட ஒன்றும் இல்லை. எதைத் தவிர்க்க வேண்டும் என்று தெரியாமலே இனி அவ ஒவ்வொரு பூச்சையும் பயந்து பயந்து பார்க்க வேண்டும். அழித்த பிறகு நகம் மஞ்சளாக நின்றது. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர்தான் வளரும், அடியில் இருந்து முழுதாகப் புது நகம் வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். கலியாணம் அதற்கு முதலே.

காத்தான்குடியில் என் சிநேகிதிக்கு நடந்தது வேறு மாதிரி. அதே செட்டை அவவுக்கு 'ஹலால்' ஸ்டிக்கர் ஒட்டி, தண்ணீர் உள்ளே போகும், வுழூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்யலாம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். டிசுத் தாளில் பூசிக் காய வைத்து, கீழே இன்னொரு தாள் வைத்து, மேலே தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்த்திருக்கிறா. சொட்டு அப்படியே நின்றது, கீழ்த்தாள் நனையவே இல்லை. எந்தப் பூச்சோடு தொழலாம் என்பதை மார்க்கம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள், அதைச் சொல்ல எனக்கு அறிவில்லை. ஆனால் ஒருவரின் தொழுகையை வைத்துப் பொய் சொல்லி 4,800 ரூபாய் எடுப்பது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது.

காசு திரும்பி வரவில்லை. முதலில் "மாற்றித் தருவோம்" என்றார்கள், பிறகு "பிரித்த சாமானை எடுக்க மாட்டோம்" என்றார்கள், பிறகு இலக்கத்தைத் தடுத்துவிட்டார்கள். காசு கொடுக்க முதல் பார்சலைப் பிரிக்கக் கூரியர்காரர் விடவில்லை, அது அவர்களுடைய விதி. ஆகவே காசு கொடுத்த கையோடு, அவர் நிற்கும்போதே, பெட்டியின் முகவரிச் சிட்டை தெரியும்படி தொடங்கி ஸ்டிக்கர் உரிப்பது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். விளம்பரத்தையும் அரட்டையையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், தடுத்த பிறகு எடுக்க முடியாமல் போகலாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். ஆனால் பேசியதோடு விட வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும்.

நாங்கள் எழுத்தில் கொடுத்துவிட்டோம், நான்கு சிவப்புத் துண்டுகளையும் உரித்த ஸ்டிக்கர்களையும் ஒரு கடதாசியில் ஒட்டி இணைத்திருக்கிறோம். கல்முனை, அக்கரைப்பற்று, களுவாஞ்சிகுடி என்று எங்கிருந்தாவது இதே செட்டை வாங்கியவர்கள் இருந்தால் கூரியர் சிட்டையை எறிய வேண்டாம், அனுப்பியவரின் தொலைபேசி இலக்கம் அதில்தான் இருக்கிறது. எனக்குத் தனியாக எழுதுங்கள். எங்கள் சிட்டையில் உள்ள இலக்கமும் உங்களுடையதும் ஒன்றா என்று பார்த்து, உங்கள் முறைப்பாட்டையும் சேர்த்துக் கொடுக்கலாம்.