பதினோரு கிலோவும் ஆறு வாட்டும்

சுவிட்சைப் போட்டதும் ‘ஙொய்ய்ய்’ என்றது. பாட்டு இன்னும் போடவே இல்லை. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த சித்தி, “ஏலே, அடுக்களைல மிக்சி ஓடுதா பாரு” என்றாள். மிக்சி ஓடவில்லை. பெரியப்பாவின் பழைய ஸ்பீக்கர்களுக்காக, துணிமணியைக் குறைத்துவிட்டு டொரண்டோவிலிருந்து நான் பெட்டியில் சுமந்து வந்த பதினோரு கிலோ ஆம்ப்ளிஃபையர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஊரில் இருந்த மூன்று வாரத்தில் ஆதாரில் முகவரி மாற்றினேன், வில்லங்கச் சான்றிதழ் வாங்கினேன், கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினேன். எல்லாம் சொன்ன நாளில் முடிந்தது. அதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது. இரைச்சலுக்கு வருகிறேன்.

பெரியப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர். அறுபதுகளில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு சேரன்மகாதேவிக்குத் திரும்பியபோது இரண்டு ஸ்பீக்கர் கொண்டுவந்தார். குட்மேன்ஸ் ஆக்சியம், 12 இஞ்ச், இங்கிலாந்துச் சரக்கு. முதுகில் 15 ஓம் (கரண்டுக்கு ஸ்பீக்கர் கொடுக்கும் தடையின் அளவு) என்று அச்சிட்டிருக்கும். வீரவநல்லூர் ஆசாரி ஒருவர் தேக்கில் பெட்டி செய்து, உள்ளே இலவம்பஞ்சைத் திணித்துச் சாக்குத்துணி வைத்து ஆணியடித்துக் கொடுத்தாராம். கூம்பின் ஓரம் ஃபோமாக இருந்திருந்தால் எப்போதோ தூளாக உதிர்ந்திருக்கும். அந்தக் காலத்து ஓரம் என்பதால் பிழைத்துக் கிடந்தது. கூடவே வந்த வால்வ் ஆம்ப்ளிஃபையரை மட்டும் தொண்ணூறுகளில் யாரோ பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டார்கள். யார் என்று கேட்டால் வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

மத்தியானம் சிலோன், சாயங்காலம் திருநெல்வேலி வானொலி. எங்கள் தெருவில் அந்தப் பெட்டிகளுக்குக் காது கொடுக்காதவர் கிடையாது. திருநெல்வேலி நிலையம் தொடங்கியது 1963-ல். “நான் ஊரு திரும்புதேன்னு தெரிஞ்சுதான் ஸ்டேஷனே தொறந்தான்” என்பார் பெரியப்பா.

பெரிய ஸ்பீக்கருக்குப் பெரிய ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்பது என் புத்தியில் இருந்த கணக்கு. டொரண்டோ கடைக்காரரும், “பன்னிரண்டு இஞ்சா? குறைந்தது 100 வாட் இல்லாமல் தொடாதீர்கள்” என்றார். வாங்கிவிட்டேன். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்). நம் ஊரில் 230 வோல்ட், 50 சைக்கிள். ஆகவே வோல்ட்டைக் குறைக்கும் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் 500 வாட் என்று ஒட்டியிருந்த பெட்டியைக் கொடுத்தார்கள். மாட்டி அரை மணி நேரத்தில் அதன் மேல் தோசை சுடலாம் போலச் சூடு. வோல்ட்டைக் குறைத்தாலும் சைக்கிள் மாறாதே. 60-க்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் 50-ல் திணறி, ஆம்ப்ளிஃபையரின் உடம்பே வண்டு மாதிரி ரீங்கரித்தது. மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். பில்லின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்த வரியை விரலால் காட்டினார் கல்லாவில் இருந்தவர்: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. அங்கே முப்பது நாள் வரை கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப அங்கயே வாங்கியிருக்கலாம்லா சார்” என்றார். நியாயம்தான். ஆனால் எரிச்சலாக வந்தது.

டவுனில் கண்ணாடி போட்ட ஷோரூம் ஒன்றுக்கும் போனேன். டை கட்டிய பையன், “சார், 5000 வாட் பி.எம்.பி.ஓ.” என்று ஒரு ஹோம் தியேட்டரைக் காட்டினான். பி.எம்.பி.ஓ. என்பது கல்யாணத் தரகர் சொல்லும் சம்பளம் மாதிரி. கையில் வருவது, அதாவது தொடர்ந்து தரும் பவர், ஆர்.எம்.எஸ். அதைக் கேட்டேன். மேனேஜரைக் கேட்கப் போனவன் திரும்பி வரவே இல்லை. வந்த மேனேஜர், 15 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் ஆம்ப்ளிஃபையர் எரிந்துவிடும் என்று பயமுறுத்தினார். டிரான்சிஸ்டர் செட்டுக்கு ஓம் குறைந்தால்தான் ஆபத்து. கூடினால் எரியாது, பவர் மட்டும் குறையும், 8 ஓமில் 100 வாட் கொடுப்பது 15-ல் ஏறக்குறையப் பாதி. வால்வ் செட்டுக்குத்தான் டிரான்ஸ்ஃபார்மரில் 4, 8, 16 பார்த்து மாட்ட வேண்டும். சொல்லி ஜெயித்து என்ன? ஏ.சி. காற்று வாங்கிவிட்டு வெளியே வந்தேன்.

“சும்மா சிந்துபூந்துறைக்கும் டவுனுக்கும் அலையாத. மைக் செட் அண்ணாச்சியக் கூப்பிடு. பெரியப்பா இருக்கும்போது அவருதான் வருவாரு” என்றாள் சித்தி.

போன் போட்டேன். “நாளைக்கு வாரேன் தம்பி.” சித்திரையில் ஊருக்குப் போனது என் தப்பு. நம் பக்கம் கோயில் கொடை சீசன். ஒரு ஊர் விட்டால் அடுத்த ஊர், வில்லுப்பாட்டு, சாமக்கொடை என்று அவருக்கு ராத்தூக்கமே கிடையாது. மறுநாளும் நாளைக்குத்தான். அதற்கு மறுநாள் போனையே எடுக்கவில்லை. டொரண்டோவில் என்றால் மெக்கானிக், வியாழன் 2 முதல் 4 வரை என்று செய்தி அனுப்பி, 2:05-க்குக் கதவைத் தட்டுவான். பிறகு திறந்து பார்க்கவே கூலி, பார்த்துவிட்டு ‘இதற்கு உதிரிபாகம் வருவதில்லை’ என்பான். இரண்டில் எது மேல் என்று எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

ஐந்தாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல், டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்தார். கால் வைக்கும் இடத்தில் ஒரு 12 வோல்ட் பேட்டரி. எழுபது வயசு இருக்கும். காப்பி வேண்டாம், தண்ணி போதும் என்றார்.

ஆம்ப்ளிஃபையரைப் பார்க்கவே இல்லை. வால்யூமை முழுக்க அடைக்கச் சொல்லிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டித் தரையில் குத்தவைத்து, ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தார். இடது பெட்டி, பிறகு வலது பெட்டி. டாக்டர் நெஞ்சில் குழல் வைப்பது மாதிரி அவ்வளவு நேரம்.

“ரெண்டு சத்தம் கேக்கு தம்பி. ‘ஙொய்’ங்கது கரண்டு. ‘சீ’ங்கது உங்க மிஷினு.”

டிவியின் செட்டாப் பாக்ஸிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போன ஒயரைப் பைய உருவினார். ‘ஙொய்’ முக்கால்வாசி நின்றது. கேபிள்காரன் கொண்டுவரும் எர்த்தும் வீட்டு எர்த்தும் கைகோத்துக்கொண்டு சுற்றுகிற கரண்ட் அது. இதே ஒயரை என் டொரண்டோ ஸ்பீக்கரில் மாட்டியிருந்தால் கேட்டே இருக்காது. பெரியப்பாவின் பெட்டி ஊசி விழுந்தாலும் சொல்லிவிடும். ஆம்ப்ளிஃபையரின் பாவத்தையும் சேர்த்தே சொல்லும்.

பிறகு டார்ச் லைட் செல் ஒன்றை எடுத்து, பின்னால் இருந்த ஒயர் முனைகளில் ஒரு தொடு தொட்டார். இடது கூம்பு வெளியே தள்ளியது. வலதில் தொட்டார்; உள்ளே போனது. என்னைத் திரும்பிப் பார்த்தார். வலது பெட்டிக்குப் பற்றவைத்தது நான்தான். பிளஸ்ஸை மைனஸில் வைத்து, ‘பேஸ் வரமாட்டேங்குதே, கூம்பு போச்சோ’ என்று நாலு நாள் கவலைப்பட்டதும் நான்தான். “பரவால்ல, புதுசா வாரவன் எல்லாம் செய்யுததுதான்” என்றார். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு.

பேட்டரியைத் தூக்கி உள்ளே வைத்து, சோப்பு டப்பா அளவுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் போர்டை எடுத்தார். கடையில் ரேடியோ சோதிக்க வைத்திருப்பதாம். என் போனை அதில் மாட்டி, பெரியப்பாவுக்குப் பிடித்த நாகசுரம் ஒன்றைப் போட்டார்.

அடுக்களையிலிருந்து சித்தி வந்து நிலைப்படியில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டு ஆச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நாகசுரம் கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பது போலிருந்தது. சீவாளியை எடுத்து ஊதிச் சரிபார்க்கும் சத்தம்கூடக் கேட்டது. பின்னால் இரைச்சல் பேருக்குக்கூட இல்லை. பேட்டரியில் ஓடுவதற்கு எங்கிருந்து கரண்டுச் சத்தம் வரும்?

“இது எத்தனை வாட் அண்ணாச்சி?”

“பன்னெண்டு வோல்ட்டுக்கு, உங்க பதினஞ்சு ஓமுக்கு, ஒரு வாட்டு தேறாது.”

நம்பாமல் பார்த்தேன். அவர் விளக்கியது இதுதான்: “பனைமரத்துல குழாய் ஸ்பீக்கரக் கட்டி முப்பது வாட்டு போட்டா மூணு ஊருக்குக் கேக்கும். அதே முப்பத இப்ப உள்ள சின்னப் பெட்டிக்குப் போட்டா திண்ணையத் தாண்டாது. தின்னுத தீனி ஒண்ணுதான், கூவுததுலதான் வித்தியாசம். இப்ப குழாய்க்குத் தடை போட்டுட்டான், எல்லாம் பாக்ஸு, அதுக்குத்தான் ஆயிரம் ஆயிரமா வாட்டு கேக்கு. உங்க பெரியப்பா பெட்டி குழாய்ச் சாதி.”

அன்று ராத்திரி தங்கச்சி மகனின் சின்ன ஸ்பீக்கரை வாங்கி வந்து, போனில் உள்ள சத்த மீட்டரை வைத்துப் பார்த்தேன். வால்யூம் குமிழும் ஒரே இடம், ஒரே தூரம். அவனுடையது 8 ஓம், வாட்டுக்கு 86 டெசிபல் (சத்தத்தின் அளவு) என்று அட்டையில் போட்டிருந்தது. பெரியப்பா பெட்டி 8 டெசிபல் கூடக் காட்டியது. அதுவும் 15 ஓம் என்பதால் பாதி பவரை மட்டும் வாங்கிக்கொண்டு. பாதிக்கு 3 டெசிபலைச் சேர்த்தால் வித்தியாசம் 11-ஐ நெருங்குகிறது. 10 டெசிபல் என்றாலே 10 மடங்கு பவர். அவனுக்கு 60 வாட் வேண்டிய இடத்தில் இதற்கு 6 போதும். 100 வாட்டை வைத்துக்கொண்டு நான் குமிழைக் கடிகாரத்தின் எட்டு மணி இடத்துக்கு மேல் திருப்ப முடியாமல் தவித்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. குமிழின் அடிப்பகுதியில் இடதும் வலதும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. பாடகர் இடது மூலையில் ஒண்டி நின்று பாடினார். நாம் வீட்டில் கேட்பது பெரும்பாலும் ஒரு வாட்டுக்குள்ளேதான். அந்த முதல் வாட் சுத்தமாக இல்லாத மிஷினில் மிச்சம் தொண்ணூற்றொன்பது இருந்து யாருக்கு லாபம்?

வால்வ் செட் போடலாமா என்று ஆசையாகக் கேட்டேன். இ.எல். 84 வால்வ் நாலு போட்டால் ஒரு பக்கத்துக்குப் பத்து வாட் வருமே, 16 ஓமுக்கு ஒரு முனை எடுத்துக்கொள்ளலாமே என்றேன். “நல்லாத்தான் இருக்கும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சுத்துத ஆளு போயிச் சேந்துட்டான். வால்வு போச்சுன்னா சித்திக்கு மாத்தத் தெரியுமா? நீங்க கனடால இருந்து வந்து மாத்துவியளா?” அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் முடிவு செய்தது டி.டி.ஏ. 2030 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐ.சி., பக்கத்துக்கு ஒன்று. 12-0-12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். 15 ஓமில் ஆறு, ஆறரை வாட். ஒரு பழைய ஸ்டெபிலைசர் டப்பாவுக்குள் வைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு மறுபடி நாளைக்கு, நாளைக்கு. என் டிக்கெட்டுக்கு மூன்று நாள் இருக்கையில் நானே அவர் கடைக்குப் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்ததும் நல்லதாயிற்று. வழக்கமான 680 ஓம் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு 1.2 கே (1200 ஓம்) போட்டார். முப்பத்து மூன்று மடங்கு பெருக்குவது பத்தொன்பதாக இறங்கும். ‘சீ’யும் அதோடு இறங்கும். “போனுல இருந்து வாரதே போதும், எதுக்கு அம்புட்டு இழுக்கணும்?” எல்லாக் கிரவுண்ட் ஒயரையும் ஒரே திருகுக்குக் கொண்டுவந்து முறுக்கினார். கடைசியில் டிரான்ஸ்ஃபார்மரைத் திருகாமல், சுவிட்சைப் போட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்தபடியே கையால் அதைப் பையப் பையத் திருப்பினார். சத்தம் கூடும், குறையும். ஓரிடத்தில் நிறுத்தி, “இந்தா, இங்கதான் இருக்கணுங்கு” என்று பென்சிலால் கோடு போட்டார். டப்பாவுக்குள் அது கோணலாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. பார்க்க லட்சணமாக இல்லை. காதை வைத்தால் கிணற்றுக்குள் மாதிரி நிசப்தம்.

எல்லாம் சேர்த்து 1850 ரூபாய். இரண்டாயிரம் கொடுத்தேன். மீதி 150-ஐ எண்ணித் திருப்பித் தந்துவிட்டார்.

பதினோரு கிலோவை என்ன செய்வது? ஊரில் யாருக்கும் உதவாது. விலைக்குக் கேட்டவர்களும் 120 வோல்ட் என்றதும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். திரும்பக் கட்டினேன். அந்த எடைக்காக சித்தி கட்டிவைத்த அல்வாவையும் மணப்பாறை முறுக்கையும் முக்கால்வாசி இறக்கிவைக்க வேண்டியதாயிற்று. அவள் வருத்தம் இன்னும் தீரவில்லை.

போன வாரம் வாட்ஸ்அப்பில் பேசினாள். காலையில் வானொலி, ராத்திரி ஏதாவது கச்சேரி என்று தினமும் ஓடுகிறதாம். இடது பக்கம் மட்டும் நேற்றிலிருந்து லேசாகக் கரகரக்கிறதாம். அண்ணாச்சிக்குப் போன் போட்டாயா என்றேன்.

“போட்டேன். நாளைக்கு வாரேன்னிருக்காரு.”